மோட்டார் நிற்காத காலை

காலை ஏழு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரைக்கும் முப்பத்தொரு பேரிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பது என் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று என் நாத்தனார்கூடக் கேட்டாள். ஒரு வாரம் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் கனடாவிலும் அமெரிக்காவிலும், பெற்றவர்கள் இங்கே தனியாக. நடுவில் எங்கள் கம்பெனி. காந்திபுரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒன்பது பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஆறு கேள்விகள், ஆறு கட்டங்கள். தூங்கினார்களா, தண்ணீர் குடித்தார்களா, சாப்பிட்டார்களா, மாத்திரை போட்டார்களா, கொஞ்சம் நடந்தார்களா, இன்றைக்கு யாரிடமாவது பேசினார்களா. பதில் சரியாக இருந்தால் கட்டத்தைத் தொட வேண்டும், பச்சையாகிவிடும். ஆறும் பச்சையானால் அங்கே இருக்கிற பிள்ளையின் போனுக்கு ஒரு பச்சை வட்டம் போகும். அவர்களுக்கு அப்போது இரவு. பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்கள். ஒரு ஆளுக்கு ஆறு நிமிஷம். தாண்டினால் திரையின் ஓரத்தில் சிவப்பு மின்ன ஆரம்பிக்கும்.

இந்தப் பக்கத்து ஆட்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்பதே வீண் என்று எனக்கு முதல் மாதமே தெரிந்துபோயிற்று. சத்தியமங்கலத்திலிருந்து ஆனைமலை வரைக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "நல்லா இருக்கறனுங்க." சாப்டீங்களா? "ஆச்சுங்க." காய்ச்சலில் கிடந்தாலும் ஆச்சுங்க, அடுப்பே பற்ற வைக்காவிட்டாலும் ஆச்சுங்க. இல்லை என்று சொன்னால் கேட்டவர் சங்கடப்படுவாராம். நான் மட்டும் என்ன வேறு ஊரிலா பிறந்தேன்? கோட்டைமேட்டில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

நாலரைக்கு எழுந்துவிடுவேன். சுபுஹு தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது மட்டும் உடம்பு கொஞ்சம் தளரும். அப்படியே கிடந்துவிடலாம் என்று இருக்கும். இரண்டு பிள்ளைகளின் டிபன் டப்பா ஞாபகம் வந்து எழுந்துவிடுவேன். உக்கடத்தில் பஸ் ஏறும்போதே பாதி நாள் தீர்ந்துபோன மாதிரி ஒரு அலுப்பு. வீட்டுக்காரர் முகமது ரியாஸ் ஒப்பணக்கார வீதியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். நாள் பூராவும் கடைக்கு வருகிறவர்களிடம் பேசிவிட்டு வந்தால் அவருக்கு வீட்டில் பேச வாய் வராது. நானும் பேசித் தீர்த்துவிட்டு வந்தவள். "சாப்டியா?" என்பார் போனைப் பார்த்துக்கொண்டே. "ஆச்சு" என்பேன். எங்கள் அன்றாடப் பேச்சு அதோடு முடிந்தது. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடவும் தெம்பு வேண்டாமா?

எங்கள் டீம் லீடர் பூஜிதாவுக்கு இருபத்தாறு வயது. நல்ல பெண். மனசை அமைதியாக வைத்துக்கொள்ள என்னென்ன செய்ய வேண்டும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணி விடு. ஒரு டம்ளர் தண்ணீரை உட்கார்ந்து மெதுவாகக் குடி. பத்து நிமிஷத்தை உனக்கென்று எடுத்துக்கொள். ஒரு ஆளிடமாவது மனம் விட்டுப் பேசு. இதையெல்லாம் முப்பத்தொரு பேருக்கும் தினமும் சொல்ல வேண்டும். சொல்வேன். தண்ணீர் குடிங்க, தண்ணீர் குடிங்க என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை காய்ந்துபோகும்.

என் பட்டியலில் நான்காவது ஆள் செங்கோடன். ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் தனி வீடு. அறுபத்தெட்டு வயது. மனைவி இறந்து மூன்று வருஷம். ஒரே மகன் கிருபாசங்கர் கனடாவில். தினமும் ஏழு நாற்பதுக்குக் கூப்பிடுவேன். தண்ணீர் கொட்டுகிற இரைச்சலோடுதான் எடுப்பார். கிணற்று மோட்டார் ஓடுகிற நேரம் அது. தண்ணீர் வாசலில் இருக்கிற சிமெண்டுத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து தோப்புக்குப் போகும்.

"இருங்க அம்மணி, மோட்டார நிறுத்திப்போட்டு வாரேன். நீங்க பேசறது கேக்கோணுமுல்ல."

செருப்புச் சத்தம் போகும். டக்கென்று சுவிட்ச் அணையும். இரைச்சல் அடங்கும். செருப்புச் சத்தம் திரும்பி வரும். ஆறு நிமிஷத்தில் ஒன்று இதற்கே போய்விடும். போன் வருகிற நேரம் தெரியும் அல்லவா, முன்னாலேயே நிறுத்திவைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. நான் கேள்வியை ஆரம்பிப்பதற்குள் அவர் என்னைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க. சாப்டீங்களா?"

"ஆச்சுங்கய்யா. நீங்க?"

"ஆச்சுங்க."

மூச்சுப் பயிற்சியைச் சொன்னால் சிரிப்பார். "எண்ணித்தான் உடோணுங்களா? இத்தன வருசமா எண்ணாமயே உட்டுப்போட்டனுங்களே." இன்றைக்கு யாரிடமாவது பேசினீர்களா என்ற கடைசிக் கேள்விக்குத் தினமும் ஒரே பதில்தான். "உங்ககிட்டப் பேசறனுங்களே, அது கணக்குல சேராதுங்களா?" சேரும் என்று சொல்லிப் பச்சை போட்டுவிடுவேன்.

அது ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. முந்தைய இரண்டு நாளும் சின்னவளுக்குக் காய்ச்சல். எனக்குத் தூக்கம் சரியில்லை, குரல் கம்மிப்போயிருந்தது. செங்கோடன் போனை எடுக்க நேரமாயிற்று. எடுத்தபோது தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கீங்களாய்யா?"

"நல்லா இருக்கறனுங்க அம்மணி."

"தூங்கினீங்களா?"

"ஆச்சுங்க."

தண்ணீர் ஆச்சுங்க. மாத்திரை ஆச்சுங்க. சாப்பாடு ஆச்சுங்க. நடையும் ஆச்சுங்க. யாரிடமாவது பேசினீர்களா என்பதற்கும் வழக்கமான பதில்தான். எல்லாவற்றையும் அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் கேட்டேன். கடைசியில் அவர் கேட்டார்.

"நீங்க சாப்டீங்களா அம்மணி? கொரலு ஒரு மாதிரி இருக்குதுங்க."

"ஆச்சுங்கய்யா. கொரலுக்கு ஒண்ணுமில்லீங்க."

"அப்பச் சரிங்க. வெச்சுறட்டுங்களா?"

இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு கட்டத்தையும் பச்சையாக்கிவிட்டு மிச்சம் கிடைத்த நாலு நிமிஷம் மேஜையில் கையை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டேன். திரையில் நேரம் ஏழு நாற்பத்திரண்டு.

பிறகு வால்பாறையில் ஒரு ரிட்டையர்டு டீச்சர், பெருந்துறையில் ஒரு தம்பதி, பொள்ளாச்சியில் மூன்று பேர். எல்லாரும் நல்லா இருக்கறாங்களாம். ஒரு மணிக்குக் கடைசிப் போனை வைத்துவிட்டு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். திறக்கவில்லை. மூடியைத் திருகுகிற அளவுக்குக்கூடக் கைக்கு மனசில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூஜிதா அந்தப் பக்கமாகப் போனவள், "சாப்டாச்சாக்கா?" என்றாள்.

"ஆச்சு பூஜிதா."

அவள் போய்விட்டாள். மூடிய டப்பா என் முன்னால் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், அதைப் பார்த்துக்கொண்டே நானும் சொன்னேன். காலையிலிருந்து ஒரு டம்ளர் டீயைத் தவிர என் வயிற்றில் ஒன்றும் இல்லை. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. நான் அப்படிச் சொன்னால், காலையிலிருந்து என்னிடம் சொன்ன முப்பத்தொரு பேர்?

அந்த யோசனையில் ஒவ்வொருவராக மனசில் ஓட்டிக்கொண்டு வந்தபோதுதான் தண்ணீர்ச் சத்தம் ஞாபகம் வந்தது. செங்கோடன் இன்றைக்கு மோட்டாரை நிறுத்தவில்லை. ஏழு மாதத்தில் ஒரு நாளும் அவர் அதை நிறுத்தாமல் பேசியதில்லை.

ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு கூப்பிட்டேன். முழுக்க அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். கடைசி மணியில் எடுத்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஃபஹீமாங்க."

"சொல்லுங்க அம்மணி."

"நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கறனுங்க." குரல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது.

"தண்ணிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலீங்க. மோட்டார நிறுத்திட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.

"ஐயா?"

"நிறுத்த முடியாதுங்க அம்மணி," என்றார். "எந்திரிக்க முடியலீங்க."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "எங்க இருக்கறீங்க? எப்ப உழுந்தீங்க?"

"தொட்டியோரத்துலதானுங்க. பாசி வழுக்கிப்போடுச்சு. ஆறரை இருக்குமுங்க. இடுப்புல என்னமோ ஆயிப்போச்சு, காலத் தூக்க முடியல."

ஆறரை. அப்படியானால் நான் கூப்பிட்டபோது அந்த மனிதர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்திருக்கிறார். தரையில் கிடந்துகொண்டுதான் நடை ஆச்சுங்க என்றிருக்கிறார். நானும் பச்சை போட்டேன்.

நான் கத்திய கத்தலில் பூஜிதா ஓடி வந்தாள். படிவத்தில் பக்கத்தில் இருப்பவர் என்று காளியாத்தாள் என்ற பெயரும் எண்ணும் இருந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற அம்மா, சாயங்காலம் நாலு மணிக்கு மாட்டைப் பார்க்க வருவாராம். பூஜிதா தன் போனில் ஆம்புலன்சைக் கூப்பிட, இன்னொரு போனில் நான் காளியாத்தாளைப் பிடித்தேன். "அட சாமி, நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கந்தான இருக்கறேன், ஒரு போன் போட்டிருந்தா அப்பவே ஓடியாந்திருப்பனே," என்று அந்த அம்மா ஓடுகிற மூச்சோடு திட்டினார். வந்து சேரப் பத்து நிமிஷம் ஆகும் என்றார்.

பத்து நிமிஷம். சுவரில் ஒட்டியிருந்த தாளில் உனக்கென்று எடுத்துக்கொள் என்று எழுதியிருந்த அதே பத்து நிமிஷம். நான் லைனில் இருந்தேன். அவர் இழுக்கிற மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"ஐயா, காளியாத்தா வந்துட்டே இருக்கறாங்க. குளுருதுங்களா?"

"தொட்டி நெறஞ்சு வழியுதுங்க. முழுசா நனைஞ்சுபோட்டேன். போனு மட்டும் கைக்கெட்டறாப்ல திட்டு மேல இருந்ததால தப்பிச்சுதுங்க. வேட்டியும் சரியில்லீங்க. இந்தக் கோலத்துல யாரக் கூப்பிடறதுன்னுதான் கெடந்தேன். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சரலாம்னு பாத்தனுங்க." பேச்சு நின்றது. பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அந்தத் தாளில் இருந்ததுதான்.

"ஐயா, என்னோட சேந்து மூச்சு விடுங்க. நாலு எண்ணி இழுங்க. ஒண்ணு..."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஒண்ணு," என்றார் கூடவே. "ரெண்டு."

அப்படியே எண்ணினோம். இழுத்தோம், விட்டோம். ஏழு மாதமாக முப்பத்தொரு பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நானும் செய்தேன். பாதியில் அழுகை வந்தது. எண்ணிக்கையை விடாமல் அழுதேன்.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன், "காலைல ஏனுங்கய்யா சொல்லல? நான்தான் கேட்டனே. ஆறு கேள்வி கேட்டனே."

அவர் ஒரு மூச்சு எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்.

"உங்க கொரலு ரொம்பச் சலிச்சுக் கெடந்துச்சுங்க அம்மணி. உங்களுக்கே முடியாமக் கெடக்குது, இதையும் எதுக்கு உங்க தலைல ஏத்தறதுன்னு உட்டுப்போட்டேன்."

இடுப்பு ஒடிந்து சேற்றில் கிடந்த மனிதருக்கு என் குரலில் இருந்த களைப்பு கேட்டிருக்கிறது. மாடியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு, கேட்பதையே வேலையாக வைத்திருக்கிற எனக்கு, அத்தனை பெரிய தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

காளியாத்தாள் வந்த சத்தம் கேட்டது. முதல் வேலையாக மோட்டாரை நிறுத்தினார் போலிருக்கிறது. டக்கென்றது. அவ்வளவு நேரமாக என் காதில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. "பாவி மனுசா, பாவி மனுசா" என்று அந்த அம்மா அழுவது தெளிவாகக் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

கிருபாசங்கரை நானே கூப்பிட்டேன். அங்கே விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. தூக்கக் குரலில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது இதுதான்: "ஆனா எனக்குப் பச்சை வந்துச்சுங்களே?"

"வந்துச்சுங்க. நான்தான் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன்," என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் ஞாயித்துக்கெழமகூடப் பேசினேன்," என்றார். "நல்லா இருக்கறேன்னுதான் சொன்னாரு."

அறிக்கை எழுத வேண்டும். பூஜிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விழுந்தது மதியம்னு போட்டுக்கலாமாக்கா? உங்களுக்கு எதுவும் வராம இருக்கும்," என்றாள். என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனை பொய்யைத்தான் ஒரு நாளில் சொல்வது என்று அலுப்பாக இருந்தது. காலை ஆறரைக்கு விழுந்தார், ஏழு நாற்பத்திரண்டுக்கு நான் பேசியபோது தரையில்தான் கிடந்தார், கவனிக்காமல் பச்சை போட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலிடத்திலிருந்து என்ன வரும் என்று தெரியாது. வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் ரியாஸ் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். நான் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, போனைப் பார்த்துக்கொண்டே, "சாப்டியா?" என்றார்.

"இல்ல," என்றேன்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். "காலைலருந்தா?" என்றார். தலையாட்டினேன். அடுப்படிக்குள் போனார். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் உருட்டினார். கடைசியில் ஒரு தட்டில் சோறும் மிஞ்சிய குழம்பும் போட்டுக்கொண்டு வந்து, தானும் தரையில் உட்கார்ந்தார். குழம்பைச் சுட வைக்கவில்லை. நான் அதைச் சொல்லவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு தடவைகூடப் பையைத் தொடவில்லை.

மறுநாள் காலை ஏழு நாற்பது. செங்கோடனைப் பொள்ளாச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மத்தியானம் ஆபரேஷன். மகன் டிக்கெட் போட்டுவிட்டார், வந்து சேர இரண்டு நாள் ஆகும். காளியாத்தாள்தான் கூட இருந்தார். போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர்ச் சத்தம் இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்ற பேச்சு இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அத்தனை நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அது இல்லாதது என்னவோ போல இருந்தது.

"நல்லா இருக்கீங்களாய்யா?"

"நல்லா இருக்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இல்லீங்க அம்மணி. வலிக்குதுங்க. ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. பயமாவும் இருக்குதுங்க."

முதல் கட்டத்தைத் தொடாமல் விட்டேன். இரண்டாவதையும் தொடவில்லை.

"நீங்க?" என்றார். "நீங்க நல்லா இருக்கறீங்களா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நானும் நல்லா இல்லீங்கய்யா," என்றேன். "ரொம்ப அலுப்பா இருக்குதுங்க."

"ஆமாங்க," என்றார். "தெரியுமுங்க."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது, நான் விடுவது அவருக்குக் கேட்டிருக்கும். ஆறு நிமிஷம் ஆனதும் திரையின் ஓரத்தில் சிவப்பு மின்ன ஆரம்பித்தது. பூஜிதா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். மின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.